ஜெனரேட்டர் நின்றது நல்லதாகப் போயிற்று

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குப் பக்கத்திலுள்ள வெருலத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. நான்கு பக்கம், நாள் வாரியாக, என்ன சத்தம் வந்தது என்பது வரை எழுதியிருக்கிறார். எனக்கு வரும் கடிதங்களில் பாதி 'ஜெனரேட்டர் ஓடவில்லை, என்ன செய்யலாம்?' என்ற ஒரே வரிதான். அதனால் இந்தக் கடிதத்தை இரண்டு முறை ஆசையாகப் படித்தேன். சுருக்கம் இது:

ஓய்வுப் பணத்தில் பழைய மோட்டார் ஹோம் (உள்ளேயே தங்கித் தூங்கும் வண்டி) ஒன்றை வாங்கினார்கள். பெட்ரோல் வண்டி. அடியில் ஒரு பெட்டிக்குள் 2.8 கிலோவாட் ஜெனரேட்டர். அதற்குத் தனி டேங்க் கிடையாது, வண்டியின் டேங்கிலிருந்தே பெட்ரோல் எடுத்துக்கொள்கிறது. கணவருக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு இருப்பதால், இரவில் முகத்தில் மாட்டிக்கொள்ளும் சிபேப் கருவி இல்லாமல் முடியாது. டிசம்பர் விடுமுறையில் பேத்தியையும் கூட்டிக்கொண்டு டிராகன்ஸ்பெர்க் மலை அடிவாரத்துக்குப் போயிருக்கிறார்கள். காற்று பலமாக இருந்ததால் வண்டியின் பின்பக்கத்தை ஒரு மண்மேட்டோடு ஒட்டி நிறுத்தினார்கள். இரவு பத்து மணிக்கு ஜெனரேட்டரைப் போட்டார்கள். நள்ளிரவு வாக்கில் இரண்டு மூன்று முறை இருமிவிட்டு நின்றுவிட்டது. மறுநாள் காலை ஒரு தடவை கிளம்பி, பத்து நிமிடம் ஓடி நின்றது. அப்புறம் எத்தனை முறை அழுத்தியும் சுற்றியதே தவிரப் பிடிக்கவில்லை. ஆனால் வண்டி எந்தத் தகராறும் இல்லாமல் கிளம்பியது. வழியில் மூயி ரிவர் என்ற ஊரில் டேங்கை நிரப்பிக்கொண்டு வீடு வந்தார்கள். வீட்டில் ஜெனரேட்டர் ஒழுங்காகவே ஓடியது!

பிப்ரவரியில் ஒரு பட்டறையில் காட்ட, கார்பரேட்டர் போய்விட்டது என்று புதிது மாட்டி 6,800 ராண்ட் வாங்கிக்கொண்டார்கள். ஈஸ்டர் சமயத்தில் மவுண்ட் எஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வண்டியோடு போனார்கள். வியாழன் இரவு முழுக்க விசிறி, விளக்கு, குளிர்பெட்டி எல்லாம் ஓடின. வெள்ளி மதியம் ஜெனரேட்டர் பொத்தானை அழுத்தினால் 'டக்… டக்' என்று முனகியதோடு சரி. கொழுந்தனார் வண்டியின் முன்பக்க பேட்டரிக்கு வேறொரு காரிலிருந்து ஒயர் போட்டுப் பார்த்தார், காற்று வடிகட்டியில் ஈதர் ஸ்ப்ரே அடித்துப் பார்த்தார். பலனில்லை. இப்போது புது ஜெனரேட்டரே வாங்கிவிடலாம் என்கிறார். "வாங்கலாமா? பட்டறைக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா? ஒரே கோளாறு ஏன் இரண்டு இடத்திலும் வந்தது?" என்பவை அம்மாவின் கேள்விகள்.

அம்மா, இந்த மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன் நீங்கள் கேட்காத ஒன்றைப் பேசியாக வேண்டும்.

அந்தக் காலைத் தலைவலி

மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மறுநாள் காலை உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் மண்டையைப் பிளக்கும் தலைவலி, பேத்தி வாந்தி எடுத்தாள், மலை உயரமும் வழியில் வாங்கிச் சாப்பிட்ட பன்னி சோவும் (ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு ஊற்றியது) ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று. அதைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

நீங்கள் தங்கிய அடிவாரம் ஏறக்குறைய 1,200, 1,300 மீட்டர் உயரம். அந்த உயரத்துக்கு யாருக்கும் தலை இப்படி வலிக்காது. ஜோஹன்னஸ்பர்க் 1,750 மீட்டரில் இருக்கிறது. அங்கே போய் இறங்கும் டர்பன்காரர்கள் எல்லாம் தலையைப் பிடித்துக்கொண்டா நிற்கிறார்கள்? பன்னி சோவைக் குற்றம் சொன்னால், அதைச் சாப்பிட்ட மூன்று பேருக்கும் வயிறுதான் கெட்டிருக்க வேண்டும். ஒரே கூரையின் கீழ் தூங்கிய மூவருக்கும் ஒரே காலையில் தலைவலியும் குமட்டலும் என்றால், என் கண் ஜெனரேட்டர் புகை மேல்தான் போகிறது. கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, தூங்குகிறவரை எழுப்பவும் செய்யாது.

நீங்களே படம் வரைந்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள்: பின்பக்கம் மண்மேடு, காற்று அடிக்கிறது, கூரை விசிறி ஓடுகிறது. புகைக்குழாயிலிருந்து வந்தது மேட்டில் முட்டி வண்டிக்கு அடியிலேயே தங்கியிருக்கும். கூரை விசிறி உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளுகிறது, சரி. தள்ளின காற்றுக்குப் பதில் காற்று எங்கிருந்து வரும்? தரையில் உள்ள ஒயர் ஓட்டை, கதவு இடுக்கு, பெட்டி மூடி வழியாகக் கீழேயிருந்துதான். 'ஜன்னலைக் கொஞ்சம் திறந்துதான் வைத்திருந்தோம்' என்பது பாதுகாப்பு ஆகாது. சில சமயம் திறந்த ஜன்னலே புகைக்கு வழியாகிவிடும்.

வீட்டுக்காரரின் விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் மீட்டர் 97 காட்டியதால் கவலைப்படவில்லை என்கிறீர்கள். அந்தச் சிறிய மீட்டருக்கு ஆக்ஸிஜனைச் சுமக்கும் ரத்தத்தையும் கார்பன் மோனாக்சைடைச் சுமக்கும் ரத்தத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் ஒன்றாகவே எண்ணி நல்ல எண்ணைத்தான் காட்டும். சிபேப் கருவியும் அறைக் காற்றைத்தான் இழுத்துக் கொடுக்கிறது, தனியாக ஆக்ஸிஜன் எதுவும் அதில் இல்லை. நள்ளிரவில் ஜெனரேட்டர் நின்றதை நீங்கள் கோளாறு என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

ஆகவே முதல் செலவு ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம். புகை அலாரம் வேறு, இது வேறு. கேரவன், படகு போன்றவற்றுக்கான தரம் இஎன் 50291-2. அந்த எண் அட்டையில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, படுக்கைப் பக்கமாக மாட்டுங்கள். அதன் உணர்கருவிக்கும் ஆயுள் உண்டு, காலாவதித் தேதி மேலேயே போட்டிருக்கும். புகைக்குழாய் இணைப்புகளில் கறுப்பு மசி படிந்திருந்தால் அங்கே கசிவு. அதைச் சரிசெய்யும் வரை ஜெனரேட்டர் ஓடும்போது உள்ளே யாரும் இருக்கக் கூடாது. மறுபடி எப்போதாவது இப்படித் தலை வலித்தால் எல்லோரும் உடனே வெளியே வந்து, மருத்துவரிடம் ஜெனரேட்டர் ஓடியதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சொன்னால்தான் அதற்கான ரத்தப் பரிசோதனை செய்வார்கள்.

நோய் ஒன்றல்ல, இரண்டு

சரி, இனி ஸ்பானர் வேலைக்கு வருவோம். மலையில் நடந்தது ஒரு கோளாறு, கோயிலில் நடந்தது வேறு கோளாறு. இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுக்கொண்டதால்தான் பட்டறைக்காரரும் குழம்பினார், நீங்களும் குழம்பினீர்கள். நின்றுபோகும் ஜெனரேட்டரிடம் முதலில் கேட்க வேண்டியது, எப்போது, எப்படி நின்றாய் என்பதுதான். பொத்தானிலிருந்து கை எடுத்ததும் நின்றால் ஒரு காரணம், கெட்டிலைப் போட்டதும் நின்றால் ஒரு காரணம், இரண்டு மணி நேரம் ஓடி இருமி நின்றால் வேறு காரணம்.

இருமி நிற்பது என்பது பெரும்பாலும் பெட்ரோல் வராத எஞ்சின் நிற்கும் விதம். மின்சாரக் கோளாறு என்றால் சுவிட்சை அணைத்த மாதிரி பட்டென்று நிற்கும். உங்களுடையது இருமியது. 'வண்டி நன்றாக ஓடியதே, டேங்கில் பெட்ரோல் இருந்ததே' என்று கேட்கிறீர்கள். இருந்தது. ஜெனரேட்டருக்கு எட்டவில்லை.

இப்படி ஒரே டேங்கைப் பகிர்ந்துகொள்ளும் வண்டிகளில் டேங்குக்குள் இரண்டு குழாய் இருக்கும். வண்டி எஞ்சினுக்கான குழாய் கிட்டத்தட்ட அடிவரை போகும். ஜெனரேட்டருக்கான குழாயை வேண்டுமென்றே மேலே நிறுத்தியிருப்பார்கள், வழக்கமாகக் கால் டேங்க் அளவில். காட்டுக்குள் இரவெல்லாம் ஜெனரேட்டரை ஓட்டி, காலையில் ஊர் திரும்பப் பெட்ரோல் இல்லாமல் நிற்கக் கூடாது என்ற ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், விற்றவர் உங்களிடம் சொல்லாமல் விட்டுவிட்டார்.

இப்போது உங்கள் குறிப்புகளையே அடுக்கிப் பாருங்கள். வெருலத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போயிருக்கிறீர்கள், வழியில் நிரப்பவில்லை. போய்ச் சேர்ந்தபோது முள் 'காலுக்குச் சற்று மேலே' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அளவு ஜெனரேட்டர் சிறிய சுமையில் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கும். இரண்டு மணி நேரத்தில் பெட்ரோல் குழாயின் வாய்க்குக் கீழே இறங்கிவிட்டது. காலையில் பத்து நிமிடம் ஓடியது, குழாயிலும் கார்பரேட்டர் கிண்ணத்திலும் ஒட்டியிருந்த மிச்சத்தில். மூயி ரிவரில் நிரப்பியதும் வீட்டில் ஓடியது. பட்டறைக்கும் நிறைந்த டேங்கோடுதான் போனீர்கள். கார்பரேட்டரை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் அங்கே அது ஓடியிருக்கும்.

பட்டறைக்காரரை நான் கேலி செய்யவில்லை. எனக்குப் பதினாறு வயதிருக்கும், காவடித் திருவிழா இரவில் கோயில் விளக்குகள் அணைந்துவிட்டன. ஜெனரேட்டர் என் பொறுப்பு. கார்பரேட்டரைக் கழற்றி ஒரு வேட்டித் துணியில் ஒவ்வொரு ஜெட்டாகப் பரப்பி வைத்து ஊதிக்கொண்டிருந்தேன். ஒரு தாத்தா வந்து குனிந்து, மூடியிருந்த பெட்ரோல் குழாயைத் திறந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.

இது உறுதிதானா என்று பார்க்க ஒரு சோதனை. டேங்கைப் பாதிக்கு மேல் நிரப்பி, சமதரையில் நிறுத்தி, திறந்த வெளியில், உள்ளே யாரும் இல்லாமல், ஏறக்குறைய ஒரு கிலோவாட் ஹீட்டரைப் போட்டு இரண்டு மணி நேரம் ஓட விடுங்கள். நிற்காமல் ஓடினால் கதை முடிந்தது. நின்றால், உடனே டேங்க் மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே போய், மறுபடி கிளம்பினால் மூடியின் காற்றோட்டத் துளை அடைத்திருக்கிறது. அப்படியும் இல்லையென்றால் பெட்ரோல் ஃபில்டர், அடுத்து பெட்ரோல் பம்ப். ஸ்டார்ட் செய்யும் முன் காதை வைத்துக் கேட்டால் பம்ப் 'டிக்டிக்' என்று துடிப்பது தெரியும். எஞ்சின் ஆயிலையும் குச்சியை எடுத்துப் பார்த்துவிடுங்கள். ஆயில் குறைந்தாலோ வண்டி சாய்ந்து நின்றாலோ, ஆயில் காவல் சுவிட்ச் எஞ்சினை நிறுத்திவிடும்.

மலையில் இன்னொன்றும் உண்டு. உயரம் ஏற ஏறக் காற்று மெலிகிறது. ஒவ்வொரு 300 மீட்டருக்கும் எஞ்சினின் பலம் சுமார் மூன்றரை சதவீதம் குறையும் என்று கணக்கு. 1,200 மீட்டரில் உங்கள் 2.8 கிலோவாட், 2.4 ஆகிவிடும். ஏர் கண்டிஷனர் ஓடும்போது 2 கிலோவாட் கெட்டிலைப் போட்டால் அங்கே தாங்காது. உங்கள் வீட்டு வாசலில் முக்கி முனகியாவது தாங்கியிருக்கலாம். கொழுந்தனார் 93 ஆக்டேன் பெட்ரோல் போட்டதுதான் காரணம் என்கிறாராம். இல்லை. உள்நாட்டு உயரங்களில் 93 பரவலாகவே விற்கிறது, அதனால் எந்த ஜெனரேட்டரும் நின்றதில்லை.

கோயிலில் வந்த 'டக்… டக்'

இது பேட்டரி. மோட்டார் ஹோமில் இரண்டு பேட்டரிக் கூட்டம் உண்டு. முன்னால் இருப்பது வண்டிக்கு. படுக்கைக்கு அடியில் இருப்பது வீட்டு உபயோகத்துக்கு. ஜெனரேட்டரின் ஸ்டார்ட்டர் பெரும்பாலும் இந்த இரண்டாவதிலிருந்துதான் இழுக்கும். வியாழன் இரவெல்லாம் விசிறியும் குளிர்பெட்டியும் அதைக் காலி செய்துவிட்டன. கொழுந்தனார் ஒயர் போட்டது முன் பேட்டரிக்கு. பசித்த பிள்ளையை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சோறு ஊட்டின கதை.

அடுத்த முறை இப்படி ஆனால் வண்டி எஞ்சினை அரை மணி நேரம் ஓட விடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் அது வீட்டு பேட்டரிக்கும் மின்னேற்றம் கொடுக்கும். அப்புறம் ஜெனரேட்டரை முயலுங்கள். மீட்டர் இருந்தால் ஓய்வில் 12.7 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே என்றால் காலி. ஸ்டார்ட்டர் சுற்றும்போது 10க்குக் கீழே விழுந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது, அல்லது முனைகளில் அரிப்பு. நம் கடற்கரைக் காற்றில் ஒயர் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூ பூத்திருக்கும். ஒயரைக் கழற்றி, சோடா உப்புக் கரைத்த வெந்நீரில் கழுவி, பிரஷ்ஷால் தேய்த்து இறுக்குங்கள். பேட்டரி ஆறு வருடப் பழசு என்று எழுதியிருப்பதால், மாற்றத்தான் வேண்டியிருக்கும் என்று தோன்றுகிறது.

ஈதர் ஸ்ப்ரேயை மட்டும் தூக்கிப் போடச் சொல்லுங்கள். சின்ன எஞ்சினின் பிஸ்டனை உடைக்கும், மூடிய பெட்டிக்குள் தீயும் பிடிக்கும்.

புது ஜெனரேட்டர் வேண்டாம், அம்மா. அந்தப் பணத்தில் நல்ல பேட்டரி வாங்குங்கள், அதில் வீட்டுக்காரரின் இரவுத் தேவையும் தீரும். சூடான ஈரப்பதம் கொடுக்கும் பகுதியை அணைத்துவிட்டால் சிபேப் கருவிகள் பெரும்பாலும் 30 முதல் 60 வாட்தான் எடுக்கும். எட்டு மணி நேரத்துக்கு அதிகபட்சம் 480 வாட்-மணி. 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினாலும் 600 கிடைக்கும். ஈரப்பதத்தை அணைக்கலாமா என்று அவருடைய மருத்துவரிடமும், கருவிக்கு 12 வோல்ட் ஒயர் உண்டா என்று விற்றவரிடமும் கேளுங்கள். பகலில் ஜெனரேட்டரை ஓட்டி பேட்டரியை நிரப்புங்கள், இரவில் அதை அணைத்துவிட்டுத் தூங்குங்கள். பல முகாம்களில் இரவில் ஜெனரேட்டருக்கு அனுமதியும் கிடையாது.

பட்டறைப் பணம்

நான் வக்கீல் இல்லை. ஆனால் 30 வருடம் பட்டறையில் இருந்தவன் என்ற முறையில், எங்களைக் கட்டுப்படுத்தும் 2008ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எனக்குத் தெரியும். பழுது பார்க்கும்போது மாட்டின பாகத்துக்கும் கூலிக்கும் குறைந்தது மூன்று மாத உத்தரவாதம் உண்டு. ஆனால் உங்கள் புதுக் கார்பரேட்டர் கெடவில்லை, அதனால் அந்த வழியில் பணம் வராது. நீங்கள் பிடிக்க வேண்டியது வேறு கயிறு: செய்த வேலை நியாயமான தரத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் குறையைச் சரிசெய்யவோ பணத்தில் நியாயமான ஒரு பகுதியைத் திருப்பித் தரவோ கேட்கலாம். கழற்றிய பழைய கார்பரேட்டரையும் கேளுங்கள், அதைத் திருப்பித் தருவது அவர்கள் கடமை. அதற்குள் பழைய பெட்ரோல் பிசினாகப் படிந்திருந்தால், மாற்றியது அவ்வளவு தப்பில்லை என்று நீங்களே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். சுத்தமாக இருந்தால் உங்கள் பேச்சுக்குப் பலம். முதலில் என் சோதனையைச் செய்து, அதன் குறிப்போடு நேரில் போய்ப் பேசுங்கள். கடிதம் எழுதும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறது, எழுத்திலும் கொடுங்கள். மசியவில்லை என்றால் நுகர்வோர் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

கடைசியாக, கொழுந்தனார் லோட் ஷெடிங் மின்வெட்டுக்காகச் செய்து வைத்திருக்கும் ஒயர், இரண்டு முனையிலும் பிளக் வைத்து, ஜெனரேட்டரிலிருந்து வீட்டுச் சுவர் சாக்கெட்டில் சொருகுவது. அம்மா, அதை இன்றைக்கே இரண்டாக வெட்டுங்கள். ஒரு முனை கழன்றால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பித்தளைக் கம்பியில் 230 வோல்ட் இருக்கும், பேத்தியின் கை எட்டும் உயரத்தில். அதோடு மின்சாரம் தெருக் கம்பி வரை பின்னோக்கிப் போகும், அங்கே கம்பத்தில் ஒருவர் வேலை செய்துகொண்டிருக்கலாம். வீட்டுக்கு ஜெனரேட்டர் இணைப்பு வேண்டுமென்றால் பதிவு பெற்ற எலெக்ட்ரீஷியனை வைத்து, தெரு மின்சாரமும் ஜெனரேட்டரும் ஒன்றாகச் சேரவிடாத மாற்று சுவிட்ச் போட்டு, இணக்கச் சான்றிதழ் வாங்குங்கள். அது இல்லாமல் தீ விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பதே அந்தச் சான்றிதழைத்தான்.

சனிக்கிழமை சோதனை செய்தால் இவ்வளவையும் குறித்து அனுப்புங்கள்: தொடங்கும்போது முள் எங்கே, நின்றிருந்தால் எத்தனை நிமிடத்தில், இருமியா பட்டென்றா, மூடியைத் திறந்தபோது சத்தம் வந்ததா, ஸ்பார்க் பிளக்கின் நுனி கறுப்பா காப்பி நிறமா. அலாரம் வாங்கிய பிறகு செய்யுங்கள், முன்னால் வேண்டாம்.